எந்த ஊசி என்று கேளுங்கள்

போதை ஊசிப் பழக்கத்தை விட மருந்து எடுக்கிற பையன் மறுபடி போதை ஊசி போட்டுக்கொண்டான் என்று தெரிந்தால் போதும், "இவனுக்கு எதுக்கு மருந்து, பேரை வெட்டி விடுங்க" என்கிறார்கள் பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில். படித்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

ஹெராயின் போன்ற போதைக்கு மாற்றாகக் கொடுக்கிற மருந்து புப்ரினார்ஃபின். அந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடுகிறார்கள். போதை கிடைக்காதபோது வருகிற உடம்புவலி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு எல்லாம் அடங்கும். ஊசி போடுவதும் நன்றாகக் குறையும். ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் நின்றுவிடாது. அளவு போதாமல் சாயங்காலமே உடம்பு முறுக்கும். கூலி போகுமே என்று ஒருநாள் மருந்துக்குப் போகாமல் இருப்பான். பழைய கூட்டாளி அன்றைக்குப் பார்த்துத்தான் வருவான்.

வீட்டில் "போட்டியா?" என்று அதட்டுவதோடு சரி. யாருடைய ஊசி என்று யாரும் கேட்பதில்லை. உயிருக்கு உலை வைப்பது அதுதானே! ஊசி மட்டுமல்ல, போதைப்பொருளைக் கலக்கிய கரண்டி, வடிகட்டிய பஞ்சு, தண்ணீர் இவற்றைப் பகிர்ந்தாலே கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி தொற்றலாம். அதற்கு 2018 முதல் அரசுத் திட்டத்தில் இலவச சிகிச்சை உண்டு, பெரும்பாலும் 12 வார மாத்திரைதான். குணமான பிறகும் அடுத்தவன் ஊசியைத் தொட்டால் திரும்ப வரும். சிலர் புப்ரினார்ஃபின் மாத்திரையையே பொடித்து நரம்பில் ஏற்றுகிறார்கள். கரையாத தூள் ரத்தக்குழாயை அடைத்துவிடும், போட்ட இடம் சீழ்கட்டும்.

பக்கத்து மலப்புறம் மாவட்டம் வளாஞ்சேரியில் ஊசியைப் பகிர்ந்தவர்களில் 10 பேருக்கு எச்ஐவி என்று 2025 மார்ச்சில் செய்தி வந்தது. வாளையாறு சோதனைச்சாவடியில் பிடிபடுகிற கஞ்சாவைப் பற்றி நாளெல்லாம் பேசுகிற நாம், இதை இரண்டே நாளில் மறந்துவிட்டோம்.

இன்னொன்று, புது ஊசி கொடுத்தால் போதையை வளர்க்கிறார்கள் என்ற கூச்சல். எச்ஐவி பரவலைக் குறைக்க ஊசி கொடுப்பதும் மாற்று மருந்து கொடுப்பதும் குற்றமாகாது என்று 2017ஆம் ஆண்டு எச்ஐவி சட்டமே சொல்கிறது.

பேரை வெட்டினால் என்ன ஆகும்? மருந்து நின்று கொஞ்ச நாளில் போதையைத் தாங்கும் உடம்பின் திறன் இறங்கிவிடும். அப்போது போதை ஊசியைப் பழைய அளவிலேயே ஏற்றினால் மூச்சு நின்றுபோகலாம். அதனால் அவனைத் திட்டி மறைக்க வைக்காதீர்கள். போட்டுக்கொண்டதை மருத்துவரிடம் அவனே சொல்லட்டும், மாத்திரை அளவைக் கூட்டுவதா என்று அவர் பார்ப்பார். அப்படியே எச்ஐவி, ஹெபடைடிஸ் சி சோதனையும் செய்துவிடுங்கள். விவரம் கேட்க 1097 என்ற எச்ஐவி உதவி எண் இருக்கிறது, காசு கிடையாது.