போர்ஷே டைகான் மின்சாரக் கார்: வேகன் என்றால் டிக்கி இரண்டு மடங்கா?

"செடானை விட வேகனில் டிக்கி இரண்டு மடங்கு, ஆனால் கார் உயரம் என்பதால் ஓட்டுகிற சுகம் போய்விடும்" என்று டைகான் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

போர்ஷே டைகான் செடானின் பின் டிக்கி சுமார் 400 லிட்டர். வேகன் வடிவங்களில் (கூரை பின்புறம் வரை நீளும் வகை) சுமார் 446. பின் சீட்டை மடக்காதவரை வித்தியாசம் ஒரு பெரிய முதுகுப் பை அளவுதான். மடக்கினால் 1,200 லிட்டர் வரை போகும். அந்தப் பெரிய எண்ணைத்தான் அவர் பார்த்திருக்க வேண்டும்.

உண்மையான லாபம் லிட்டரில் இல்லை, டிக்கி திறக்கும் விதத்தில் இருக்கிறது. செடானில் திறப்பது மூடி மட்டும், பின் கண்ணாடி அப்படியே நிற்கும். குழந்தை வண்டியைச் சாய்த்து, திருப்பி, சக்கரம் இடித்துத்தான் உள்ளே தள்ள வேண்டும். வேகனில் பின்கதவு கண்ணாடியோடு மேலே போவதால் நேராக வைத்துவிடலாம். பின் சீட்டில் தலைக்கு மேல் 45 மிமீ-க்கு மேல் கூடுதல் இடமும் உண்டு. உயரமானவர்கள் பின்னால் உட்காருவார்கள் என்றால் எனக்கு இதுவே போதும்.

உயர விஷயத்தில் அவர் இரண்டு வேகன்களைக் குழப்பிக்கொண்டார். 2021 மார்ச்சில் வந்த க்ராஸ் டூரிஸ்மோதான் தரையிலிருந்து செடானை விடச் சுமார் 20 மிமீ கூடுதலாக உயர்ந்தது, நான்கு சக்கர இயக்கம் கட்டாயம். அதே ஆண்டு இறுதியில் அறிமுகமான ஸ்போர்ட் டூரிஸ்மோவுக்கு அந்தக் கூடுதல் உயரம் கிடையாது. பின்சக்கர இயக்கத்திலும் கிடைக்கும்.