பிழைப்பு போன நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆட்டம் எதுக்கு?

வீட்டில் கஷ்டம் வந்தால் முதலில் நின்றுபோவது பிள்ளைகளின் விளையாட்டுதான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் இதைக் கண்ணால் பார்த்தேன். பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் குறைந்தது, ஓவர்டைம் போனது, தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கிற வரிசை வீடுகளான லைன் வீடுகளில் பெரியவர்களின் பொறுமையும் போனது. "இங்க பொழப்பே போச்சு, உனக்கு ஆட்டம் கேக்குதா?" என்ற சத்தம் சாயங்காலமானால் கேட்கும். அந்தப் பெற்றோர் மேல் எனக்குக் கோபமில்லை. வாடகையும் வட்டியும் கழுத்தை நெரிக்கும்போது யார் வாயிலும் அப்படித்தான் வரும். ஆனாலும் அந்த எண்ணம் தப்பு. சோறு, மருந்து, பள்ளிக்கூடம் எல்லாம் போக மிச்சமிருந்தால் கொடுக்கிற பண்டம் இல்லீங்க விளையாட்டு. நெருக்கடி கூடக் கூட பிள்ளைக்கு அது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

லைன் வீட்டுப் பிள்ளையின் ஒரு நாளை யோசித்துப் பாருங்க. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ தேனிப் பக்கமிருந்தோ கிளம்பி வந்தபோது யாரும் அந்தப் பிள்ளையைக் கேட்கவில்லை. எந்தப் பள்ளி, எந்த மொழி, அம்மாவுக்குப் பகல் ஷிப்டா நைட் ஷிப்டா, எதையும் கேட்கவில்லை. அதன் பேச்சு எடுபடுகிற ஒரே இடம் ஆட்டம்தான். கோடு எங்கே, யார் முதலில், எது அவுட் என்று அதுவே சண்டை போட்டு முடிவு செய்கிறது. தோற்றால் அழுகிறது, அடுத்த ஆட்டத்துக்கு வந்து நிற்கிறது.

எங்கள் பக்கம் பனியன் வேஸ்ட்டை இறுக்கிச் சுற்றினால் பந்து, நூல் தீர்ந்த கோன்களை அடுக்கினால் ஸ்டம்பு. ஒரியா பேசும் பையனுக்கு வாத்தியார் அ, ஆ சொல்லித் தருவதற்கு முன்பே "அழுகுணி ஆட்டம் ஆடாதே" என்று தெளிவாகச் சொல்ல வந்துவிடும்.

2020 ஊரடங்கில் வாசலிலேயே போலீஸ் விளையாட்டு நடந்தது. ஒருத்தன் குச்சியோடு வழிமறிப்பான், ஒருத்தி நெற்றிக்கு நேரே கையை நீட்டிக் காய்ச்சல் பார்ப்பாள், இன்னொன்று ஆம்புலன்ஸ் மாதிரி கத்திக்கொண்டு ஓடும். அபசகுனம் என்று விரட்டிய ஆத்தாமார்களும் உண்டு. பயத்தைச் சொல்லத் தெரியாத வயதில் பிள்ளைகள் அதை ஆடித்தான் தீர்க்கிறார்கள். திரும்பத் திரும்ப ஆடும்போது, மிரட்டிய விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் கைக்குள் வருகிறது. மனம் நொந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை தருகிறவர்கள் பொம்மையையும் விளையாட்டையும் கொண்டே ஆரம்பிப்பது இதனால்தான்.

இதை உலகம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. டென்மார்க்கை ஜெர்மன் படை பிடித்து வைத்திருந்த 1943-ல், கோபன்ஹேகனில் எம்ட்ரப் என்ற இடத்தில் பழைய பலகையும் சாமானும் போட்டு ஒரு விளையாட்டு இடம் திறந்தார்கள். போட்டுக் கொடுத்த பூங்காவைவிட, கிடைத்ததை வைத்துத் தாங்களே கட்டி ஆடுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்று கவனித்தவர் சோரன்சன் என்ற தோட்டக்கலை வடிவமைப்பாளர். போர் முடிந்ததும் லண்டனில் குண்டு விழுந்து பாழான மனைகளிலும் அதுபோல இடங்கள் வந்தன. வீடு கட்டி முடிகிற வரைக்கும் பிள்ளைகள் காத்திருக்கட்டும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். நம் ஊர்களில் வள்ளி கதையைப் பாடி ஆடுகிற வள்ளி கும்மி திரும்ப எழுந்திருப்பதைப் பாருங்க. பகலெல்லாம் மில்லிலும் தோட்டத்திலும் உழைத்த பெண்கள் பொழுது சாய்ந்ததும் பயிற்சிக்கு வந்து நிற்கிறார்கள். கும்மி ஆசிரியர் பத்திரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது கோவைப் பக்கம் எவ்வளவு சந்தோஷம்! அரங்கேற்றத்தன்று அந்த முகங்களைப் பார்த்தவர்கள், களைப்புக்கு ஓய்வு மட்டும்தான் மருந்து என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989-ல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு சொல்லிவிட்டது. இந்தியா 1992-ல் அதை ஏற்றது. 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்கிறது. நடப்பிலோ, பத்தாம் வகுப்பு வந்தால் பல பள்ளிகளில் பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மணி அடித்ததும் மைதானத்துக்குப் பூட்டு.

அந்தப் பீரியடை யாரும் எடுக்கக் கூடாது. சாயங்காலம் இரண்டு மணி நேரமாவது அரசுப் பள்ளி மைதானம் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்க வேண்டும். இதை ஊராட்சியும் பள்ளி மேலாண்மைக் குழுவும் உட்கார்ந்து பேசினாலே முடிக்கலாம்.

அப்புறம், கம்பெனி வைத்திருக்கிற அண்ணன்மார்களே, ஞாயிற்றுக்கிழமை உங்கள் குடோன் முன்னால் லாரி வருவதில்லை. அந்த இடத்தைக் கொடுங்க. கோன், அட்டைப்பெட்டி, வேஸ்ட் துணி உங்களிடமே கிடக்கிறது. உடைந்த ஊசியும் பிளேடும் கலக்காமல் மட்டும் ஒருத்தரை விட்டுப் பார்த்துக் கொடுங்க.