தொண்டுக்கு வரும் பிள்ளைகளிடம் கணக்கைக் கொடுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் சுங்கை சிப்புட்டில் உள்ள ஆலய நிர்வாகங்களுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொண்டு செய்ய உங்களிடம் வரும் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் கணக்கு வேலையை ஒப்படையுங்கள். அளக்கிற வேலை, நிறுக்கிற வேலை, பில்லைப் படிக்கிற வேலை, வரவு செலவு எழுதுகிற வேலை. அதில்தான் நம் மக்களுக்கு உதவி தேவைப்படுகிறது. நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி தேவைப்படுவதும் அதில்தான்.

இப்போது என்ன நடக்கிறது? திருவிழா என்றால் பிள்ளைகள் நாற்காலி அடுக்குகிறார்கள், தண்ணீர்ப் பந்தலில் குவளை நிரப்புகிறார்கள், குப்பை பொறுக்குகிறார்கள். முடிவில் பதாகையைப் பிடித்துக்கொண்டு ஒரு படம், பிறகு ஒரு சான்றிதழ். பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பெண்ணில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு என்பதால் அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு. அதற்காக வருவதில் எந்தத் தவறும் இல்லை. உடல் உழைப்பும் குறைந்ததன்று. ஆனால் உழைக்க நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக நாம் நன்றாக உழைத்தோம். அந்த உழைப்பை எண்ணாக மாற்றிய இடத்தில்தான் நம் கை தாழ்ந்தே இருந்தது.

ரப்பர்த் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் எடுத்த, அதாவது பால் மரம் வெட்டிய பாட்டிமார்களிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்டோரில் பாலை நிறுத்த பிறகு, பாலின் அடர்த்தியைக் காட்டும் மெட்ரோலாக் கருவியை அதில் மிதக்கவிட்டு, எத்தனை விழுக்காடு உலர் ரப்பர் இருக்கிறது என்று கணக்கிட்டு எழுதுவார்கள். 30 கிலோ பாலுக்கு 33 விழுக்காடு என்றால் 9.9 கிலோ ரப்பர். அதே பாலுக்கு 30 என்று எழுதிவிட்டால் 9 கிலோ. ஒரு நாளைக்கு 900 கிராம். 25 நாளைக்கு 22.5 கிலோ. அந்த எண் சரியா என்று திரும்பக் கேட்க வெட்டியவருக்கு வழி இருந்ததா? விடியலுக்கு முன் எழுந்து மரத்துக்கு மரம் ஓடியவருக்கு, தன் உழைப்பின் விழுக்காட்டைச் சரிபார்க்கத் தெரியவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் இன்னொன்றும் இதே மண்ணில் நடந்திருக்கிறது. நம் ஊரில் பிறந்து அன்று அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்டாக) சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். லயத்து வீட்டில் இருந்தவர்கள் பங்குதாரர் ஆனார்கள். பங்கு, ஈவு என்கிற கணக்கெல்லாம் படித்தவர்களுக்கு மட்டும் உரியது என்று அன்று யாராவது விட்டிருந்தால் அது நடந்திருக்குமா?

பள்ளிப் பாடத்தில் இவை இல்லையா என்றால், இருக்கின்றன. இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் ஆண்டான மூன்றாம் படிவத்தின் கணிதத்தில் சேமிப்பு, முதலீடு, கடன். நான்காம் படிவத்தில் நிதி நிர்வாகம். ஐந்தாம் படிவத்தில் காப்புறுதியும் வரியும். அமைச்சு பாடநூலில் வைத்துவிட்டது. ஆனால் அந்தப் பக்கங்களில் கடன் வாங்குகிறவர் ஒரு கற்பனை மனிதர். விடை தப்பினால் அவருக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளைக்கும் சிவப்பு மையில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

அண்மையில் நான் வார இறுதியில் பாடம் சொல்லித்தரும் நான்காம் படிவ மாணவி ஒருத்தி, தாத்தாவின் செம்பனைக் குலை விற்ற ரசீதைக் கொண்டுவந்தாள். கணிதத்தில் தடுமாறுகிற பெண்தான். "சார், இந்த விலை எப்படி வருகிறது?" என்று கேட்டாள். செம்பனைக் குலையின் விலை, எண்ணெய் பிழிவு விகிதத்தை, அதாவது குலையின் எடையில் எத்தனை விழுக்காடு எண்ணெய் கிடைக்கும் என்பதைப் பொறுத்தது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் 1 விழுக்காட்டுக்கு இவ்வளவு என்று வட்டாரவாரியாக விலை வெளியிடுகிறது. எடுத்துக்காட்டுக்கு அது 45 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். குலையை 20 விழுக்காடு என்று மதித்தால் டன்னுக்கு 900 ரிங்கிட். 18 என்று மதித்தால் 810. விலைப் பலகையில் எதுவும் மாறவில்லை, ஆனால் டன்னுக்கு 90 ரிங்கிட் போய்விட்டது. அதன் பிறகு ஏற்றுக்கூலி, எடைக் கழிவு. அவள் அந்த ரசீதை வரி வரியாகப் பிரித்து எழுதினாள். பெருக்கல் தப்பியபோது நான் சொல்வதற்கு முன்பே தானே அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். பயிற்சிப் புத்தகத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. தாத்தாவின் பணம் என்பதால் வந்த கவனம் அது. மறுவாரம் தாத்தா வியாபாரியிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை விழுக்காடு போட்டிருக்கிறீர்கள்?"

இதைத்தான் ஊருக்கே செய்யச் சொல்கிறேன்.

டிங்கிக் காய்ச்சலைத் தடுக்க, ஊர் கூடித் துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங் நடத்துகிறோம் அல்லவா? கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம். பொட்டலத்தை ஏதோ ஒரு குத்துமதிப்பில் கொட்டிவிட்டுப் போகிறோம். இரண்டு மாணவர்களின் கையில் அளவு நாடாவைக் கொடுங்கள். 60 சென்டிமீட்டர் குறுக்களவும் 85 சென்டிமீட்டர் தண்ணீரும் உள்ள டிரம் என்றால் ஆரம் 30. உருளையின் கன அளவு ஏறத்தாழ 240 லிட்டர். மருந்து 24 கிராம். ஒரு தாமான் (குடியிருப்பு) முழுவதும் இப்படி அளந்து வந்த பிள்ளைக்கு உருளைச் சூத்திரம், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு வரைக்கும் மறக்காது.

ஆலய அன்னதானத்திலும் இதற்கு இடம் உண்டு. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கிலோ அரிசி வெந்தது, எவ்வளவு மிஞ்சியது என்று வாரந்தோறும் எழுதச் சொல்லுங்கள். தலைக்கு 100 கிராம் என்று 600 பேருக்கு 60 கிலோ போட்டோம், மிஞ்சியது இவ்வளவு என்று கையில் இருந்தால் அடுத்த முறை சமையற்காரரிடம் பேச ஓர் எண் இருக்கும். நான்காம் படிவத்தில் வருகிற சிதறல் அளவைகள் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சில வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் ஏன் எகிறுகிறது என்று பார்க்கத்தான்.

சம்பள ரசீதும் அப்படியே. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளியின் 11 விழுக்காடு 187, முதலாளியின் 13 விழுக்காடு 221. சேமநிதிக் கணக்கில் மாதம் 408 ஏறியிருக்கிறதா என்று நம் எத்தனை அண்ணன்மார்கள் பார்க்கிறார்கள்?

மோட்டார் சைக்கிள் கடனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பதினெட்டு வயதில் நம் பையன்கள் போடும் முதல் கையெழுத்தே அதில்தான். கடன் 8,000 ரிங்கிட், ஆண்டுக்கு 10 விழுக்காடு நிலை வட்டி, ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 800, ஐந்து ஆண்டுக்கு 4,000, மொத்தம் 12,000, மாதம் 200. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் நான்காம் ஆண்டில் பெரும்பகுதியைத் திருப்பிக் கட்டிவிட்ட பிறகும், முழு 8,000க்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. கையில் உண்மையாக இருந்த கடனுக்குக் கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்கு 17 விழுக்காட்டைத் தாண்டும். ஒரு மாணவர் குழு இதை அட்டவணையாக எழுதி மண்டபச் சுவரில் ஒட்டினால், அது எந்தச் சொற்பொழிவையும்விட நன்மை செய்யும்.

கணிதத்தைச் சமூக உரிமையாகவே பார்த்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், பாப் மோசஸ். 1960களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய அடி வாங்கிக்கொண்டு உழைத்தவர். 1982இல் அவர் அல்ஜீப்ரா திட்டத்தைத் தொடங்கினார். அன்றைக்கு வாக்குரிமை எவ்வளவு முக்கியமோ, இன்றைக்கு ஏழைப் பிள்ளைக்குக் கணிதம் அவ்வளவு முக்கியம் என்பது அவர் வாதம். அந்தத் திட்டத்தில் படித்த இளைஞர்கள் 1996இல் தாங்களே ஓர் அமைப்பை நிறுவி, தம்மைவிடச் சிறியவர்களுக்குக் கணிதம் சொல்லித்தர இறங்கினார்கள். பருத்திக் காட்டில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது பொருந்தியது என்றால், ரப்பர்க் காட்டில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஏன் பொருந்தாது?

எதிர்ப்பு வரும் என்று தெரியும். "பிள்ளைகள் தப்பாகக் கணக்குப் போட்டால்?" போடுவார்கள். அதனால் ஒருவர் போட்டதை இன்னொருவர் முதலிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும், பெரியவர் ஒருவர் கடைசியில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அமெரிக்காவில் ஏழை மக்களுக்கு இலவசமாக வருமான வரிப் படிவம் நிரப்பித் தரும் தொண்டர்களுக்கும் முதலில் தேர்வு உண்டு. அவர்கள் நிரப்பியதை இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் அனுப்புகிறார்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. ஒரு வீட்டின் கடன் இன்னொரு வீட்டின் பேச்சாகிவிடக் கூடாது. பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மறைத்த தாள்தான் மாணவர் கைக்குப் போக வேண்டும். வட்டிக்காரர் மிரட்டுகிற வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பவே கூடாது, அது பெரியவர்கள் இறங்க வேண்டிய இடம். பிள்ளைகள் எண்ணைக் காட்டலாம். கடன் வாங்கு, வாங்காதே என்று சொல்வது அவர்கள் வேலை அல்ல.

பெற்றோர்கள் சிலர், எஸ்பிஎம் ஆண்டில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்கிறார்கள். ஐந்தாம் படிவத்தினரை விட்டுவிடுங்கள். மூன்றாம், நான்காம் படிவத்தினர் வாரம் இரண்டு மணி நேரம் வந்தால் போதும். அந்த நேரத்தில் அவர்கள் செய்வதும் கணிதம்தான். தேர்வுப் பயிற்சிக்கு இது மாற்று என்று நான் சொல்லவில்லை. இயற்கணிதச் சுருக்கத்தை உட்கார்ந்து போட்டுத்தான் பழக வேண்டும். ஆனால் விழுக்காடு, விகிதம், சராசரி, கன அளவு ஆகியவற்றில் தடுமாறும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

நிர்வாகத்தினருக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளிடம் அன்னதானக் கணக்கைக் கொடுத்தால் அவர்கள் கேள்வி கேட்பார்கள். போன ஆண்டின் பந்தல் செலவு ஏன் இவ்வளவு என்றும் கேட்கக்கூடும். கோபப்படாமல் ரசீதை எடுத்துக் காட்டுங்கள்.

வரும் பள்ளி விடுமுறையில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அபேட் அளவும் அன்னதானக் கணக்கும் முதலில். பழகிய பிறகு சம்பள ரசீது, செம்பனை ரசீது. தேவைப்படுவது ஒரு மண்டபம், நாலைந்து அளவு நாடா, ஒரு தராசு, பிறகு சரிபார்க்கப் பெரியவர்கள். தோட்ட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிராணிமார்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். விழுக்காடு போடுவதில் அவர்களை விஞ்ச ஆள் இல்லை. ஐயா, சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் எங்களோடு வந்து உட்கார முடியுமா? முடியும் என்றால் இந்தப் பதிவின் கீழே ஒரு வரி எழுதுங்கள், நானே வீட்டுக்கு வந்து பேசுகிறேன்.