கோல்ஃப் நட்புக்கு அப்பால்

அமெரிக்க அதிபர் ஐசனோவரும் ஜப்பான் பிரதமர் கிஷியும் 1957இல் கோல்ஃப் ஆடிய நட்புதான் 1960 அமெரிக்க-ஜப்பான் பாதுகாப்பு ஒப்பந்தத்தைச் சாத்தியமாக்கியது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஆனால் பாதிக் கதைதான். இரண்டாம் உலகப் போர்க்குற்றச் சந்தேகத்தில் 1948 வரை டோக்கியோவின் சுகாமோ சிறையில் இருந்தவர் கிஷி. அவரையே பிரதமராக வரவேற்றது அமெரிக்கா!

ஒப்பந்தத்தில் ஜப்பானுக்கு லாபமும் இருந்தது. அதற்கு முந்தைய 1951 ஒப்பந்தப்படி, உள்நாட்டுக் கலவரத்தை அடக்கவும் அமெரிக்கப் படையைக் கூப்பிடலாம். ஜப்பானைக் காக்கும் கடமை அமெரிக்காவுக்கு வெளிப்படையாக இல்லை. இரண்டையும் 1960இல் மாற்றினார்கள். ஆனால் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியினரைப் போலீஸை வைத்துத் தூக்கி வெளியேற்றிவிட்டு, நள்ளிரவில் நிறைவேற்றினால் யார் ஏற்பார்கள்? டோக்கியோ கொந்தளித்தது, மாணவி ஒருவர் இறந்தார், ஐசனோவரின் ஜப்பான் பயணமே ரத்தானது. அப்புறம் கிஷியும் பதவி விலகினார். இதற்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே?