ஒரு போர்வை என்ன பண்ணிடும்னு கேக்குறாங்க

பொங்கல் விழாவுல ஒரு தம்பி என்கிட்ட நேராவே கேட்டார், "ஏன்க்கா, ஈராக்ல போய் சண்டை போட்டுட்டு வந்தவங்களுக்கு நீங்க எதுக்கு உக்காந்து போர்வை தைக்கிறீங்க, அந்தப் போரை நீங்க சரின்னு சொல்றீங்களா?" அங்க கூட்டத்துல ஒழுங்கா பதில் சொல்ல முடியல. அதான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

நான் இருக்கிறது அமெரிக்காவுல ஐயோவா மாநிலம், டெ மாய்ன் பக்கம். இங்கிருந்து கார்ல முக்கால் மணி நேரத்துல வின்டர்செட்னு ஒரு சின்ன ஊரு, போருக்குப் போய் வந்தவங்களுக்கு குயில்ட், அதாவது ஒட்டுத்துணி போர்வை, தச்சுக் குடுக்கிற குயில்ட்ஸ் ஆஃப் வேலர் அமைப்போட தலைமை ஆபீஸ் அங்கதான். இத ஆரம்பிச்சது கேத்தரின் ராபர்ட்ஸ்னு ஒரு அம்மா, 2003ல, டெலவேர்ல. அவங்க பையன் அப்ப ஈராக்ல, ஹம்வீங்கிற ராணுவ வண்டி மேல துப்பாக்கிக்குப் பின்னாடி நிக்கிற வேலை. அந்த அம்மாவுக்கு ஒரு கனவு, நடு ராத்திரியில ஒரு பையன் கட்டில் ஓரத்துல கூனிக் குறுகி உக்காந்திருக்கான், அடுத்த காட்சியில அதே பையன் ஒரு குயில்ட்டைப் போத்திக்கிட்டு இருக்கான், முகமே மாறியிருக்கு. அவ்வளவுதான் கனவு. அந்த வருஷம் நவம்பர்லயே முதல் குயில்ட் வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில கால் போன ஒரு மினசோட்டா பையனுக்குப் போச்சு. இன்னைக்கு 3 லட்சத்துக்கும் மேல குடுத்தாச்சு. எல்லாமே என்னை மாதிரி ஆளுங்க சொந்தக் காசுல துணி வாங்கித் தச்சது.

நம்மூர்ல குயில்ட்னா ஒட்டுத்துணி போர்வைன்னு சொல்லிடுவோம். நான் திருப்பூர்ல வளந்தவ, கட் பீஸை ஒண்ணா சேத்து கால் மிஷின்ல எங்க பாட்டி தச்ச விரிப்புலதான் தூங்கியிருக்கேன், அதனால இது என்ன பெரிய வேலைன்னு நெனச்சுதான் போனேன். போனப்புறம்தான் தெரிஞ்சுது. 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம்னு வெச்சுக்கோங்க. மேல துண்டு துண்டா வெட்டித் தச்ச துணி, நடுவுல பஞ்சு ஷீட், அடியில ஒரே துணி, மூணையும் சேத்து முழுக்கத் தையல் ஓட்டணும், அங்கங்க முடிச்சுப் போட்டு விட்டா ஏத்துக்க மாட்டாங்க. எங்க குரூப்ல ஒரு அம்மா வீட்டு பேஸ்மென்ட்ல பெரிய லாங் ஆர்ம் மிஷின், அதாவது குயில்ட் தைக்கிறதுக்குன்னே இருக்கிற மிஷின் இருக்கு, அந்தத் தையல் அதுலதான் நடக்கும். அப்புறம் ஓரம் கட்டணும். கடைசியா துவைச்சுக் குடுக்கணும், ஏன்னா நிறைய பேர் சிவப்பு, வெள்ளை, நீலம்தான் தைப்பாங்க. என் முதல் குயில்ட்டைத் துவைச்சப்ப சிவப்புச் சாயம் இறங்கி வெள்ளைக் கட்டமெல்லாம் ரோஸ் ஆயிடுச்சு, நான் அழுதுட்டேன். சுடு தண்ணியில பாத்திரம் கழுவுற சோப்பைக் கலந்து ராத்திரி முழுக்க ஊற வெச்சு, தண்ணி மாத்தி மாத்திதான் அதை மீட்டோம்.

இன்னொண்ணு, பின்பக்க மூலையில ஒரு லேபிள் கட்டாயம் இருக்கணும். மேல் துணி தச்சது யாரு, மூணையும் சேத்துத் தையல் ஓட்டினது யாரு, ஓரம் கட்டினது யாரு, வாங்குறவர் யாரு, எல்லார் பேரும். கூட்டத்து முன்னாடி அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, ரெண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடிச்சு தோள்ல போத்தி விடுவாங்க. தானம்னு யாரும் சொல்றதில்ல, அவார்டுன்னுதான் சொல்வாங்க. எனக்கும் அந்தச் சொல்லுதான் சரின்னு படுது.

போன நவம்பர்ல ஒருத்தருக்குப் போத்தினோம், வியட்நாம் போனவர், எழுபத்தஞ்சு தாண்டியிருக்கும். அந்தக் காலத்துல கட்டாயச் சேவை, சீட்டு வந்தா போயே ஆகணும். 19 வயசுல போயிட்டு வந்தப்ப ஏர்போர்ட் பாத்ரூம்லயே யூனிஃபார்மைக் கழட்டிக் குப்பையில போட்டுட்டு சாதா சட்டையில வீட்டுக்கு வந்தாராம். ஒருத்தரும் 'வந்துட்டியாப்பா'ன்னு கேக்கலயாம். போத்தினதும் அவர் எதுவும் பேசல. லேபிளைத் தேடித் திருப்பி, கண்ணாடியை ஏத்திக்கிட்டு, ஒவ்வொரு பேரா வாய்விட்டுப் படிச்சார். என் பேர்கிட்ட வந்து நின்னுட்டு, இத எப்படிச் சொல்லணும்னு கேட்டார். சொன்னேன். ரெண்டு தடவை சொல்லிப் பாத்துட்டுதான் உக்காந்தார்.

தம்பிக்கு என் பதில் இதுதான். ஈராக் போர் தப்புன்னு அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன். ஆனா போரை முடிவு பண்றவங்க வேற, அதுக்குள்ள போய் மாட்டி கையோ காலோ தூக்கமோ போய் வர்றவங்க வேற. அனுப்பினவங்க மேல இருக்கிற கோவத்தைத் திரும்பி வந்தவன் மேல காட்டினதாலதான் அந்தப் பெரியவர் அம்பது வருஷம் வாயே திறக்காம இருந்தார், அத இன்னொரு தலைமுறைக்கும் செய்யக் கூடாதுன்னு நான் உறுதியா நம்புறேன். போர்வை வைத்தியம் ஆகாது. ராத்திரி அலறி எந்திரிக்கிறவருக்கு டாக்டர் வேணும், மருந்து வேணும், கவுன்சலிங் வேணும், அத அரசாங்கம்தான் குடுக்கணும், அதுக்காகவும் கத்தணும். ஆனா மருந்துச் சீட்டுல யாரோ நமக்காக மூணு மாசம் உக்காந்திருந்தாங்கன்னு எழுதியிருக்காது, அந்த லேபிள்ல எழுதியிருக்கு.

கிறிஸ்மஸ் சமயத்துல அந்தப் பெரியவரோட மனைவியைக் கடையில பாத்தேன். அழுக்காயிடும்னு பயந்து பீரோவுல மடிச்சு வெச்சிருக்காராம். எனக்கு மனசே கேக்கல. 1861ல இருந்து 65 வரைக்கும் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர்ல பொம்பளைங்க தச்சு அனுப்பின குயில்ட்டுங்க எத்தனையோ, இன்னைக்கு மிச்சம் இருக்கிறது ரொம்பக் கொஞ்சம், ஏன்னா சிப்பாய்ங்க போத்திப் போத்தியே கிழிஞ்சு போச்சு. அதுதான் அதுக்கு மரியாதை. எடுத்துப் போத்தச் சொல்லுங்கம்மா, ஏற்கனவே துவைச்சதுதான், சாயம் இறங்காது, நாய் படுத்தாலும் பரவாயில்லன்னு சொல்லிட்டு வந்தேன். போன வாரம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாங்க, ரிக்ளைனர்ல குயில்ட்டைப் போத்திக்கிட்டு வாய் திறந்து தூங்குறார்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை எங்க அமைப்போட தேசிய தையல் நாள், நாங்க பத்துப் பன்னெண்டு பேர் சேந்து உக்காருவோம். தைக்கத் தெரியலன்னா பரவாயில்ல, துணி வெட்டவும் ஐயர்ன் பண்ணவும் ஆள் வேணும். அந்தத் தம்பியும் வரலாம், ஐயர்ன் பாக்ஸ் ரெண்டு எக்ஸ்ட்ரா இருக்கு.