கிஃப்டட் குழந்தைக்கு ஐஇபி கட்டாயம்னு வர்ற மெசேஜ் உண்மையா?

அமெரிக்காவுல பிள்ளைய கிண்டர்கார்டன்ல சேர்க்கப் போற நம்ம ஆளுங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் சுத்துது, "குழந்தை கிஃப்டட்னா (வயசுக்கு மீறின திறமை இருந்தா) ஐடியா (IDEA)ங்கிற ஃபெடரல் சட்டப்படி ஸ்கூல் ஐஇபி (IEP, அந்தப் பிள்ளைக்குன்னே எழுதுற தனிப் படிப்புத் திட்டம்) குடுத்தே ஆகணும், இல்லன்னா கேஸ் போடலாம்"னு. இது தப்புங்க. அந்தச் சட்டம் டிஸெபிலிட்டி இருக்குற பிள்ளைங்களுக்கானது, கிஃப்டட்ங்கிறது அதுல ஒரு கேட்டகரியே கிடையாது. கூடவே டிஸ்லெக்ஸியாவோ (எழுத்துக்கூட்டி வாசிக்கிறதுல சிரமம்) ஆட்டிசமோ இருந்தா அது வேற விஷயம். 1988 ஜாவிட்ஸ் சட்டத்தையும் சிலர் காட்டுறாங்க, அது கிஃப்டட் பிள்ளைங்க படிப்பு பத்தின ஆராய்ச்சிக்கு கிராண்ட் குடுக்குறதுதான், உங்க ஸ்கூல ஒண்ணும் கட்டாயப்படுத்தாது.

எல்லாம் ஸ்டேட் கையிலதான். பென்சில்வேனியால கிஃப்டட் பிள்ளைங்களுக்குன்னு சாப்டர் 16னு விதி இருக்கு, அங்க நீங்க பிள்ளைய மதிப்பீடு பண்ணச் சொல்லி எழுத்துல கேட்டு சம்மதக் கையெழுத்து போட்டுக் குடுத்தா 60 நாளுக்குள்ள மதிப்பீடு முடிக்கணும், கோடை லீவு கணக்குல வராது, ஐக்யூ 130 வரலங்கிற ஒரே காரணத்த சொல்லித் தள்ளவும் முடியாது, தகுதின்னு வந்தா ஜிஐஇபி (GIEP, கிஃப்டட் பிள்ளைக்கான தனிப் படிப்புத் திட்டம்) எழுதணும். கலிஃபோர்னியால அந்தக் கட்டாயம் இல்ல, டிஸ்ட்ரிக்ட்டப் பொறுத்தது.

தயவுசெஞ்சு இந்த மெசேஜ நம்பி முதல் மீட்டிங்லயே கேஸ்னு ஆரம்பிக்காதீங்க, வருஷம் பூரா உங்க பிள்ளையோட இருக்கப் போறது அந்த டீச்சர்தான். பிள்ளை தானா படிக்கிற ரெண்டு புக்கு, அவளே கணக்குப் போட்டுப் பாத்த பேப்பர், இத எடுத்துட்டுப் போங்க. "மத்தவங்க எழுத்து பழகுறப்ப இவ என்ன செய்வா?"ன்னு கேளுங்க, பதில ஈமெயில்ல வாங்கி வச்சுக்கங்க.