சார்லஸ் பர்னெட் எங்கே காணாமல் போனார்?

ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்க இயக்குநர் சார்லஸ் பர்னெட்டின் 'கில்லர் ஆஃப் ஷீப்' படத் திரையிடல் முடிந்ததும் ஒரு நண்பர் மைக்கைப் பிடித்து அவரைப் பற்றிச் சொன்னதை வந்திருந்த எல்லோரும் கேட்டீர்கள். "ஒரே ஒரு நல்ல படத்தோடு காணாமல் போனவர்." அங்கேயே எழுந்து பேசியிருக்க வேண்டும், தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

பர்னெட் காணாமல் போகவில்லை. படம் எடுத்துக்கொண்டேதான் இருந்தார்.

'கில்லர் ஆஃப் ஷீப்' அவர் யூசிஎல்ஏ-வில் (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) பட்டத்துக்காக எடுத்த படம். பத்தாயிரம் டாலருக்கும் குறைந்த செலவு, தான் வளர்ந்த லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதித் தெருக்கள், வார இறுதிகளில் படப்பிடிப்பு. 1977-இல் முடிந்தது, தியேட்டருக்கு வந்தது 2007-இல். முப்பது வருஷம்! படத்தில் வரும் பாட்டுகளுக்கு உரிமை இல்லை, கடைசியில் அதற்கு மட்டும் 1,50,000 டாலர் ஆனது. "உரிமை வாங்காதது அவர் தப்புதானே" என்பீர்கள். சரி, தப்பு என்றே வைத்துக்கொள்வோம். வகுப்பில் காட்டப்போகிற படத்துக்கு எந்த மாணவன் பாட்டு உரிமை வாங்கியிருக்கிறான்? முறையாக வெளியாகவே இல்லாத அந்தப் படத்தை 1990-லேயே அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தது.

அப்புறம், அதே 1990-இல் நடிகர் டேனி குளோவரை வைத்து 'டு ஸ்லீப் வித் ஆங்கர்', 1994-இல் 'தி கிளாஸ் ஷீல்ட்', 1996-இல் டிஸ்னி சேனலுக்கு, அடிமைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கும் ஒருவனைப் பற்றி 'நைட்ஜான்', நமீபிய விடுதலைப் போராட்டம் பற்றி ஒரு முழு நீளப் படம். காணாமல் போனவர் செய்கிற வேலையா இது? நீங்கள் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள்.

"கமர்ஷியலாக ஒன்று கொடுத்திருந்தால் நிலைத்திருப்பார்" என்ற வாதத்துக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமே இல்லை.

'கில்லர் ஆஃப் ஷீப்'பில் வரும் அந்த இன்ஜின் காட்சி ஞாபகம் இருக்கிறதா? படத்தின் நாயகன் ஸ்டான் காசு கொடுத்து ஒரு பழைய கார் இன்ஜினை வாங்கி, நண்பனோடு மூச்சு முட்டப் படியிறக்கி வண்டியின் விளிம்பில் வைப்பான். இன்னும் உள்ளே தள்ளலாமே என்றால் நண்பன் போதும் என்பான். வண்டி கிளம்பும், இன்ஜின் ரோட்டில் விழுந்து உடையும். கேமரா வண்டியில் இருப்பதால் அந்த இன்ஜின் நம் கண்முன்னே சின்னதாகிக்கொண்டே போகும்.

எனக்கு அது வெறும் காட்சி கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன் அம்மாவின் வளையலை அடகு வைத்து ஒரு குறும்படம் எடுத்தேன். ஒரு விழாவில் தேர்வானதாகக் கடிதம் வந்தது, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைய பட்டியலில் படத்தின் பெயரே இல்லை. கேட்டதற்கு "நேரம் போதலை சார்" என்றார்கள். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் "சினிமாவை விட்டுட்டியாப்பா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் விடவில்லை. எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன். யாரும் காட்டாமல் விட்டதற்கும் ஒருத்தன் விட்டுவிட்டுப் போனதற்கும் வித்தியாசம் தெரியாமல் மைக்கில் பேசினால் வலிக்கும்.

2017-இல் பர்னெட்டுக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள், அப்போது அவருக்கு வயது 73. நடுவில் போன வருஷங்களை யார் கொடுப்பது?

அந்த நண்பர் மேல் எனக்குப் பகை இல்லை. 'டு ஸ்லீப் வித் ஆங்கர்' டிஸ்க் என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பார்த்த பிறகும் அப்படித்தான் தோன்றுகிறது என்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.